நிறுவனக் கணினிகளில் அப்டேட் மேலாண்மை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகத்தில் இருப்பது ஐம்பது கணினிகளோ ஐயாயிரமோ, அவற்றுக்கு உரிய நேரத்தில் பேட்ச், அதாவது மென்பொருளின் ஓட்டையை அடைக்கும் திருத்தம், போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால் இந்தப் பக்கம் உங்களுக்கானது. விண்டோஸ் கணினிகளைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன். லினக்ஸ் சர்வர்களுக்கு வழி வேறாகும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

விண்டோஸ் தானாகவே அப்டேட் செய்துகொள்கிறதே, தனியாக ஓர் ஏற்பாடு எதற்கு?

வீட்டுக் கணினிக்கு அது போதும். அலுவலகத்தில் முந்நூறு கணினிகள் காலையில் ஒரே நேரத்தில் பதிவிறக்கத் தொடங்கினால் இணைய இணைப்பு திணறும். ஒரு பேட்ச் கணக்குப் பிரிவின் மென்பொருளோடு ஒத்துப்போகவில்லை என்றால் அத்தனை மேசைகளிலும் அதே நாளில் வேலை நிற்கும். இவற்றைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு: எந்தக் கணினியில் எது போயிருக்கிறது, எதில் போகவில்லை என்பது யாருக்கும் தெரியாமல் இருப்பது.

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரான வான்னாக்ரை 2017 மே 12 அன்று பரவியது. அது நுழைந்த ஓட்டைக்கான பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. ஏறக்குறைய இரண்டு மாத அவகாசம் இருந்தது. அப்படியும் இங்கிலாந்தின் பொது மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.இல், 236 மருத்துவ நிர்வாக அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. பழைய விண்டோஸ் எக்ஸ்பிதான் காரணம் என்று அப்போது பலரும் பேசினார்கள். பின்னர் வந்த தணிக்கை அறிக்கை சொன்னது வேறு. தொற்றிய கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 7, அதாவது அன்றைக்கும் பேட்ச் வந்துகொண்டிருந்த பதிப்பு. பேட்ச் இருந்தது, கணினியில்தான் ஏறவில்லை.

முதலில் எந்தக் கருவியை வாங்க வேண்டும்?

வாங்குவது பிறகு. முதலில் உங்களிடம் எத்தனை கணினிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். எளிதாகத் தோன்றும், ஆனால் பெரும்பாலான அலுவலகங்களில் இந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடைக்காது. அலுவலகக் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் பதிவு வைக்கும் ஆக்டிவ் டைரக்டரி ஒரு எண் சொல்லும். ஆன்ட்டிவைரஸ் கன்சோல் வேறொன்று சொல்லும். டிஎச்சிபி சர்வர் ஐபி முகவரி கொடுத்த பட்டியலில் இன்னொரு எண் இருக்கும். கொள்முதல் பிரிவின் சொத்துப் பதிவேடு நான்காவது எண்ணைக் காட்டும்.

நான்கையும் ஒரே எக்செல் தாளில் போட்டு, கணினிப் பெயரை வைத்து ஒப்பிடுங்கள். நான்கு பட்டியலிலும் இருப்பவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஏதோ ஒன்றில் மட்டும் தலைகாட்டுபவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் போங்கள். டிஎச்சிபியில் மட்டும் தெரிகிறதா? டொமைனில், அதாவது ஆக்டிவ் டைரக்டரி நிர்வகிக்கும் கணினிக் குழுவில், சேர்க்கப்படாத லேப்டாப்பாக இருக்கலாம், கூட்ட அறையின் திரையை இயக்கும் சின்னக் கணினியாக இருக்கலாம், கதவு திறக்கும் அட்டைமுறையை நடத்தும் பெட்டியாகவும் இருக்கலாம். டைரக்டரியில் மட்டும் இருந்து, தொண்ணூறு நாளாக உள்நுழைவே இல்லையா? ஒன்று கழித்துக்கட்டிய கணினி, அல்லது அலமாரியில் உறங்கும் லேப்டாப். பின்னது ஆபத்தானது. என்றாவது ஒருநாள் புதிதாகச் சேர்ந்தவரின் கையில் அது கொடுக்கப்படும், அரை வருடப் பழைய ஓட்டைகளோடு.

எண்ணிக்கையை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கடன் தகவல்களைத் தொகுக்கும் அமெரிக்க நிறுவனமான ஈக்விஃபாக்ஸில் 2017இல் நடந்ததைப் பாருங்கள். இணையதளங்களைக் கட்டப் பயன்படும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளின் ஓட்டைக்கு மார்ச் 7 அன்று திருத்தம் வந்தது. உள்ளுக்குள் எல்லோருக்கும் எச்சரிக்கை மின்னஞ்சல் போனது. ஸ்கேன்கூட ஓட்டிப் பார்த்தார்கள். ஆனால் ஓட்டையுள்ள அந்த இணையதளம் ஸ்கேனில் சிக்கவில்லை. மே மாதத்தில் அதன் வழியே நுழைந்தவர்கள் ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் தகவல்களை எடுத்துச் சென்றார்கள். நடைமுறை இருந்தது, கருவி இருந்தது. பட்டியலில் விடுபட்ட ஒன்று எல்லாவற்றையும் வீணாக்கியது.

சரி, எண்ணியாகிவிட்டது. எந்தக் கருவி பொருத்தம்?

எல்லாக் கணினிகளும் ஒரே கட்டடத்தில், ஒரே டொமைனில் இருந்தால் விண்டோஸ் சர்வருடன் கூடுதல் கட்டணம் இல்லாமல் வரும், பேட்ச்களை அலுவலகக் கணினிகளுக்குப் பகிரும் டபிள்யூ.எஸ்.யூ.எஸ். (விண்டோஸ் சர்வர் அப்டேட் சர்வீசஸ்) இன்றும் வேலை செய்யும். ஆயிரக்கணக்கில் இருந்து, மென்பொருள் நிறுவுவதும் அதே இடத்திலிருந்து நடக்க வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டின் கான்ஃபிகரேஷன் மேனேஜர். ஊழியர்கள் பல இடங்களிலிருந்து வேலை செய்கிறார்கள் என்றால் இணையம் வழியே கணினிகளை நிர்வகிக்கும், அதே நிறுவனத்தின் இன்டியூன். லினக்ஸில் ரெட் ஹேட் வைத்திருப்பவர்களுக்கு சாட்டிலைட், உபுண்டுவுக்கு லேண்ட்ஸ்கேப். இருபது, முப்பது சர்வர்கள்தான் என்றால் அன்சிபிள் பிளேபுக் (பல சர்வர்களில் ஒரே வேலையைத் தானாகச் செய்யும் கட்டளைக் கோப்பு) ஒன்றே போதும் என்பது என் கருத்து.

டபிள்யூ.எஸ்.யூ.எஸ்.ஐ மைக்ரோசாஃப்ட் கைவிட்டுவிட்டதாமே?

இனி அதில் புதிய வசதிகள் சேர்க்கப்படாது என்று 2024 செப்டம்பரில் அறிவித்தார்கள். விண்டோஸ் சர்வர் 2025இலும் அது இருக்கிறது, அதன் வழியே பேட்ச் கொடுப்பதும் தொடர்கிறது. எனவே நாளைக்கே தூக்கிப்போட வேண்டியதில்லை. ஆனால் புதிதாகத் தொடங்குபவர் அடுத்த பத்தாண்டுக்கு இதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

ஒன்றை மட்டும் இன்றே சரிபாருங்கள். 2025 அக்டோபரில் டபிள்யூ.எஸ்.யூ.எஸ். சர்வரிலேயே, கடவுச்சொல் எதுவும் இல்லாமல் வெளியாள் ஒருவர் கட்டளைகளை இயக்கக்கூடிய ஓட்டை வெளிப்பட்டது. முதலில் வந்த திருத்தம் முழுமையாக இல்லாததால், அக்டோபர் 23 அன்று வழக்கமான நாளுக்கு வெளியே அவசரப் பேட்ச் விட்டார்கள். உங்கள் சர்வரில் அது ஏறியிருக்கிறதா? 8530, 8531 போர்ட்கள் இணையத்திலிருந்து எட்டும்படி திறந்திருக்கின்றனவா? அலுவலகத்தின் எல்லாக் கணினிகளும் நம்பிக் கைநீட்டும் சர்வர் அது. அதைப் பாதுகாப்பதில் சலுகையே கூடாது.

டபிள்யூ.எஸ்.யூ.எஸ். கன்சோலில் ஒரு கணினி தோன்றினால் இன்னொன்று மறைகிறது. ஏன்?

கிட்டத்தட்ட எப்போதும் இதற்கு ஒரே காரணம்தான். ஒரு கணினியை முழுதாகத் தயார்செய்து, அதன் தனி அடையாளங்களை நீக்கும் சிஸ்பிரெப் கருவியை ஓட்டாமல் அப்படியே இமேஜ் (முழு நகல்) எடுத்து மற்றவற்றில் போட்டிருப்பார்கள். விண்டோஸ் அப்டேட் சேவை ஒவ்வொரு கணினிக்கும் ஓர் அடையாள எண் வைத்திருக்கும். குளோன் செய்யும்போது அந்த எண்ணும் சேர்ந்து நகலாகிவிடுகிறது. இருபது கணினிகள் ஒரே எண்ணைச் சொல்லி சர்வரைத் தொடர்புகொள்ளும்போது, கடைசியாகப் பேசியது யாரோ அதன் பெயர் மட்டும் கன்சோலில் நிற்கும். மீதிப் பத்தொன்பதும் கண்ணுக்குத் தெரியாது.

பாதிக்கப்பட்ட கணினியில் விண்டோஸ் அப்டேட் சேவையை நிறுத்துங்கள். ரெஜிஸ்ட்ரியில் விண்டோஸ் அப்டேட் கிளையில் சஸ் கிளையன்ட் ஐடி என்ற பெயரில் தொடங்கும் இரண்டு மதிப்புகள் இருக்கும். இரண்டையும் நீக்கிவிட்டுச் சேவையை மீண்டும் தொடங்கி, புதிதாக அப்டேட் தேடச் சொல்லுங்கள். புதிய எண் உருவாகும், கணினி தன் பெயரில் பட்டியலுக்கு வரும். நிறைய கணினிகள் என்றால் குரூப் பாலிசியில் (ஒரே இடத்திலிருந்து எல்லாக் கணினிகளுக்கும் அமைப்புகளை அனுப்பும் வசதி) ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்டாகக் கொடுக்கலாம். ஒருமுறை ஓடியதும் அடையாளக் கோப்பு ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளும்படி அந்த ஸ்கிரிப்ட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு காலையும் புது எண் வாங்கி, கன்சோலைப் பழைய எண்களால் நிரப்பிவிடும்.

கன்சோலே அடிக்கடி இணைப்பு அறுந்து, சர்வர் நோடை ரீசெட் செய்யச் சொல்கிறது.

விண்டோஸின் வெப் சர்வரான ஐ.ஐ.எஸ்.இல் டபிள்யூசஸ் பூல் என்ற அப்ளிகேஷன் பூலுக்கு இயல்பாகவே ஏறத்தாழ 1.8 ஜிபி நினைவக வரம்பு போடப்பட்டிருக்கும். கணினிகள் கூடக் கூட அது போதாது. குறைந்தது 4 ஜிபிக்கு உயர்த்துங்கள். கூடவே, புதிய பேட்ச் வந்ததால் காலாவதியான பழையவற்றை டிக்ளைன் செய்து, சர்வர் கிளீனப்பை மாதம் ஒருமுறை ஓட்டுங்கள். தேவையில்லாத மொழிகளையும், உங்களிடம் இல்லாத தயாரிப்புகளையும், முக்கியமாக டிரைவர்களையும் தேர்விலிருந்து எடுத்துவிடுங்கள். பாதித் தொல்லை அத்தோடு தீரும்.

மாதம் நூற்றுக்கணக்கான பேட்ச்கள் வருகின்றன. எதை முதலில் போடுவது?

ஒரு நாள்காட்டி இருப்பது நம் அதிர்ஷ்டம். மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபர் முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பேட்ச் வெளியிடுகிறது. ஆரக்கிள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று காலாண்டுக்கு ஒருமுறை. இந்த நாட்களை வருடத் தொடக்கத்திலேயே குழுவின் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

வரிசைப்படுத்தும்போது, ஓட்டையின் கடுமையைப் பத்துக்கு அளவிடும் சிவிஎஸ்எஸ் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துப் போகாதீர்கள். பத்துக்கு ஒன்பதுக்கு மேல் வாங்கும் ஓட்டைகள் ஏராளம். அவற்றில் பலவற்றை யாரும் பயன்படுத்தியே இருக்க மாட்டார்கள். ஏழு வாங்கிய ஒன்று இன்று ரான்சம்வேர் கும்பலின் கையில் இருக்கலாம். அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசா, உண்மையிலேயே தாக்குதலில் பயன்பட்ட ஓட்டைகளின் பட்டியலை 2021 நவம்பர் முதல் இலவசமாக வெளியிட்டு வருகிறது. தினமும் காலையில் அதைப் பாருங்கள். அந்தப் பட்டியலில் இருப்பது உங்களிடமும் இருந்தால் அதுதான் முதல் வேலை.

காலக்கெடு என்று கேட்டால், நான் பரிந்துரைப்பது இது. இணையத்தை நேரடியாகப் பார்க்கும் கருவியில், தாக்குதலில் இருக்கும் ஓட்டை என்றால் 48 மணி நேரம். விபிஎன் பெட்டி, ஃபயர்வால், மெயில் சர்வர் எல்லாம் இந்த வகை. உள்ளே இருக்கும் கணினிகளில் அதே ஓட்டை என்றால் ஒரு வாரம். மற்றவை அடுத்த மாதத் தவணை வருவதற்குள். இதை எழுத்தில் வைத்து, நிர்வாகத்தின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். நள்ளிரவில் ஃபயர்வாலை ரீஸ்டார்ட் செய்ய வேண்டி வரும்போது யாரிடமும் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

சோதனைக் குழுவில் யார் யார் இருக்க வேண்டும்?

ஐடி பிரிவு மட்டும் இருந்தால் அது சோதனையே இல்லை. நம் கணினியில் பிரவுசரும் டெர்மினலும் திறந்திருக்கும், அவ்வளவுதான். சம்பளப் பட்டியல் போடுபவர், நாளெல்லாம் பிரிண்ட் எடுப்பவர், பழைய மேக்ரோக்கள் நிறைந்த எக்செல்லை ஓட்டுபவர், மூன்று திரை வைத்திருப்பவர் என்று ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவரைச் சேருங்கள். 2021இல் விண்டோஸின் அச்சிடும் சேவையில் இருந்த பிரிண்ட் நைட்மேர் ஓட்டையை அடைத்தபோது, பிரிண்டர் டிரைவர் நிறுவ அட்மின் உரிமை வேண்டும் என்று ஆகஸ்ட் பேட்ச் மாற்றியது. பிரிண்ட் எடுப்பவர் யாரும் இல்லாத சோதனைக் குழுவுக்கு அது எப்படித் தெரியும்?

முதல் நாள் ஐடி பிரிவு, மூன்றாம் நாள் இந்தக் கலவைக் குழு, ஒரு வாரத்தில் கால்வாசி, பிறகு எல்லோரும் என்று அலை அலையாக விடுங்கள். இன்டியூனில் மாதாந்திர பேட்சை 30 நாள் வரை தள்ளிவைக்கலாம். முப்பதையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. சோதனைக் குழுவில் இருப்பவர்களுக்கு, பிரச்சினை வந்தால் யாரை அழைப்பது என்று ஒரு எண்ணைக் கொடுத்துவிடுங்கள். சொல்ல ஆள் இல்லாவிட்டால் அவர்கள் பொறுத்துக்கொண்டு போய்விடுவார்கள், உங்களுக்குத் தகவலே வராது.

இப்படி அலைகளாக விட்டும் கிரவுட்ஸ்ட்ரைக் சம்பவத்தில் ஏன் எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் விழுந்தன?

நல்ல கேள்வி. பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பழுதான அப்டேட்டால் 2024 ஜூலை 19 அன்று விழுந்த விண்டோஸ் கணினிகள், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி, 85 லட்சம். பல நிறுவனங்கள், கணினியில் ஓடிக் கண்காணிக்கும் அதன் சென்சார் மென்பொருளை ஒரு பதிப்பு, இரண்டு பதிப்பு பின்தங்கியே வைத்திருந்தன. ஆனால் அன்று வந்தது சென்சாரின் புதிய பதிப்பு அல்ல. புதுவகைத் தாக்குதல்களைக் கண்டுபிடிக்க அனுப்பப்படும் உள்ளடக்கக் கோப்பு. வாடிக்கையாளர் போட்ட அலை வரிசை அதற்குப் பொருந்தவில்லை, நேராக எல்லோருக்கும் போனது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் வாங்கிய கணினிகள் நீலத் திரையில் நின்றுவிட்டன.

உங்கள் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: உள்ளடக்க அப்டேட்டுகளும் நாங்கள் போடும் வரிசைப்படிதான் வருமா? டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவிகள் எங்கே இருக்கின்றன என்பதையும் பாருங்கள். அவை இருக்கும் சர்வரே விழுந்தாலும் எடுக்க முடிகிற இடத்தில் ஒரு பிரதி வேண்டும்.

எல்லோரும் தினமும் ஷட்டவுன் செய்கிறார்கள். அப்படியும் ரீஸ்டார்ட் நிலுவை என்று ஏன் காட்டுகிறது?

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவைத் தட்டி, அப் டைம் என்ற இடத்தைப் பாருங்கள். ‘தினமும் அணைக்கிறேன்’ என்று அவர் சத்தியம் செய்யும் கணினியில் 23 நாள் என்று காட்டும். அவர் பொய் சொல்லவில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கணினியில் ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸின் மையப்பகுதியான கர்னல் முழுதாக அணைவதில்லை. அதன் நிலையை டிஸ்கில் எழுதிவைத்து, மறுநாள் அங்கிருந்தே தொடர்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுமையாக மறுபடி தொடங்கும். சில அப்டேட்டுகளுக்கு அந்த முழுத் தொடக்கம் கட்டாயம். அலுவலகக் கணினிகளில் குரூப் பாலிசி வழியாக ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திவிடுவதே நல்லது.

அதற்கும் மேல் கெடு வையுங்கள். பேட்ச் ஏறியபின் இத்தனை நாள், அதன்பின் இரண்டு நாள் சலுகை, பிறகு தானாக ரீஸ்டார்ட். கெடு தெரியாமல் திடீரென்று கணினி அணைந்தால்தான் ஊழியர்கள் கோபப்படுவார்கள். வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு என்று முன்பே தெரிந்தால் வேலையைச் சேமித்துவிட்டுக் கிளம்புவார்கள்.

லினக்ஸிலும் இதே கதைதான். புதிய கர்னல் நிறுவப்பட்டிருக்கும், ஓடிக்கொண்டிருப்பது பழையதாக இருக்கும். குறியாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல்லைப் புதுப்பித்தாலும் முன்பே ஓடும் வெப் சர்வர், நினைவகத்தில் பழைய நகலையே பிடித்துக்கொண்டிருக்கும். எந்தச் சேவையை மறுபடி தொடங்க வேண்டும் என்பதை நீட்ரீஸ்டார்ட் என்ற சின்னக் கருவி சொல்லிவிடும். எல்லாச் சர்வரிலும் போட்டு வையுங்கள்.

சர்வர்களுக்குத் தனி முறை வேண்டுமா?

வேண்டும். தானியங்கி ரீஸ்டார்ட்டை நிறுத்திவிட்டு, ஒப்புக்கொண்ட பராமரிப்பு நேரத்தில் மட்டும் செய்யுங்கள். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு சர்வர்களுக்கு ஒரே இரவில் பேட்ச் போட வேண்டாம். 2022 ஜனவரி 11 பேட்ச் உள்நுழைவைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் சிலவற்றை மீண்டும் மீண்டும் ரீஸ்டார்ட் ஆக வைத்தது. அவசரத் திருத்தம் வர 17ஆம் தேதி ஆனது. எல்லாக் கன்ட்ரோலரிலும் ஒன்றாகப் போட்டவர்களுக்கு உள்நுழைவே நின்றது. ஒன்றில் போட்டுப் பார்த்தவர்களுக்கு மற்றொன்று தாங்கியது.

பேட்சுக்கு முன், சர்வரின் அந்த நேர நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் எடுப்பது நல்லது, ஆனால் அதுவே பேக்கப் ஆகிவிடாது. இரண்டு மூன்று நாளில் அதை நீக்கிவிடுங்கள், மறந்துபோன ஸ்னாப்ஷாட் வளர்ந்து வளர்ந்து ஸ்டோரேஜை விழுங்கும். ரீஸ்டார்ட் முடிந்ததும் பிங் கிடைக்கிறது என்று எழுந்து போகாமல், அந்த மென்பொருளைப் பயன்படுத்தும் ஒருவர் உள்ளே நுழைந்து ஒரு பரிவர்த்தனை செய்து பார்க்கட்டும்.

பேட்ச் ஏறியதும் ஏதோ உடைந்துவிட்டது. திரும்பப் பெறுவது எப்படி?

முதலில் அடுத்த அலையை நிறுத்துங்கள், பிறகு காரணம் தேடலாம். வழக்கமான அன்இன்ஸ்டால் கட்டளை இப்போதைய மாதாந்திரத் தொகுப்புகளில் பெரும்பாலும் வேலை செய்யாது. அப்டேட்டுகளை நிறுவும் சர்வீசிங் ஸ்டாக் என்ற பகுதியும் சேர்ந்தே வருவதுதான் காரணம், அதை நீக்க முடியாது. விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்ம் கட்டளையில் தொகுப்பின் பட்டியலை எடுத்து, மாதாந்திர அப்டேட்டின் பெயரை மட்டும் கொடுத்து நீக்க வேண்டும். சோதனைக் கணினியில் ஒருமுறை செய்து பார்த்து, கட்டளையைக் குறித்து வையுங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் லேப்டாப்புக்கு என்ன வழி?

விபிஎன் வழியாக ஜிபி கணக்கில் பேட்ச் இழுக்க விடாதீர்கள். எதைப் போடுவது என்ற முடிவு உங்கள் சர்வரிலிருந்தோ இன்டியூனிலிருந்தோ போகட்டும், கோப்புகளை லேப்டாப் நேராக மைக்ரோசாஃப்டிடமிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

விண்டோஸ் தவிர மற்ற மென்பொருள்கள்?

பிரவுசரைக் கவனியுங்கள். குரோம் 2023 ஆகஸ்ட் முதல் வாரந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடுகிறது. மாதம் ஒருமுறை பார்க்கும் வழக்கம் அதற்குப் போதாது. அதைத் தானாகவே புதுப்பிக்க விடுங்கள், மூடித் திறக்கச் சொல்லும் அறிவிப்பை மட்டும் பாலிசியில் கட்டாயமாக்குங்கள். 2021 டிசம்பரில் வந்த லாக்ஃபோர்ஷெல் இன்னொரு பாடம். ஓட்டை ஒரு ஜாவா நூலகத்தில் இருந்தது, அந்த நூலகம் எந்தெந்த மென்பொருளுக்குள் பொதிந்திருக்கிறது என்று பல நிறுவனங்கள் வாரக்கணக்கில் தேடின. வாங்கும் மென்பொருளோடு அதன் உள்ளடக்கப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். ஸ்விட்ச், ரவுட்டர், ஸ்டோரேஜ், ஹைப்பர்வைசர் ஆகியவற்றின் ஃபர்ம்வேரும் இதே பட்டியலில் வர வேண்டும்.

பேட்ச் வருவதே நின்றுபோன கணினியை என்ன செய்வது?

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. லினக்ஸ் வகையான சென்டோஸ் 7க்கு 2024 ஜூன் 30. நிறுவனங்கள் விண்டோஸ் 10க்கு மூன்று ஆண்டு வரை நீட்டிப்பு வாங்கலாம், கட்டணம் ஆண்டுதோறும் இரட்டிப்பாகும். மாற்றவே முடியாத கணினிகளும் உண்டு, ஆய்வகக் கருவியோடு இணைந்தவை போல. அவற்றைத் தனி விலானில் (பிரித்துவைத்த வலையமைப்பில்) போட்டு, இணையத்தை அறுத்து, அவை பேச வேண்டிய ஒன்றிரண்டு முகவரிகளை மட்டும் திறந்து விடுங்கள். யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் அகற்றப்படும் என்று எழுதி வையுங்கள். தேதி இல்லாத விதிவிலக்கு நிரந்தரமாகிவிடும்.

மேலாளருக்கு மாதாந்திர அறிக்கையில் என்ன காட்டுவது?

‘98 சதவீதம் முடிந்தது’ என்று ஒற்றை எண்ணைக் கொடுக்காதீர்கள். அது எதில் 98 என்பதுதான் கேள்வி. கன்சோல் தன்னோடு பேசும் கணினிகளை மட்டுமே எண்ணும். ஆயிரம் கணினிகள் உள்ள இடத்தில் எண்ணூறு மட்டும் கன்சோலோடு பேசினால், அந்த 98 சதவீதம் என்பது 784 கணினிகள். மொத்தத்தில் 80 சதவீதம்கூட இல்லை.

எனவே மூன்று எண்களைக் காட்டுங்கள். நீங்கள் எண்ணிய மொத்தத்தில் பேட்ச் ஏறி ரீஸ்டார்ட்டும் ஆனவை எத்தனை. ஏறியும் ரீஸ்டார்ட் ஆகாதவை எத்தனை. முப்பது நாளாகத் தகவலே வராதவை எத்தனை. மூன்றாவது எண்ணுக்குக் கீழே கணினிப் பெயர், கடைசியாக யாரிடம் இருந்தது, எந்தப் பிரிவு என்ற விவரத்தோடு பட்டியலையும் இணையுங்கள். பிரிவுத் தலைவர்கள் தங்கள் பெயருக்கு நேரே இருக்கும் கணினியைத் தாங்களே தேடிக் கொண்டுவருவார்கள்.